முகம் வைத்த புது ரோபோக்கள்

பழைய ரோபோக்களுக்குத் தலை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எனக்கும் என் தங்கையின் கணவருக்கும் இடையில் நடந்த அத்தனையும் அந்த ஒரு வேறுபாட்டைச் சுற்றித்தான் நடந்தது.

நான் சொல்வது மேசை மேல் ஆடும் போர் விளையாட்டில் வரும் இராட்சத ரோபோக்களை. விளையாட்டின் கதைப்படி அவை தென்னையை விட உயரமான யுத்த இயந்திரங்கள். மேசையில் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஆளுக்கொரு படை. அட்டையில் செய்த குன்றுகளுக்கும் கட்டடங்களுக்கும் இடையில் அவற்றை அளவு நாடாவால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சுடுவோம். வளர்ந்த ஆண்கள் செய்கிற காரியமா இது என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. இலங்கையின் கிழக்கில், எங்கள் கல்முனையில், ஐம்பது வயதுக்காரர்கள் பவுடர் கொட்டிக் கரம் பலகையில் காய் அடிக்கும்போது யாரும் அப்படிக் கேட்பதில்லை.

இந்த விளையாட்டை நான் டோஹாவில் கற்றேன். அங்கே கட்டடப் படம் வரையும் வேலையில் இருந்தேன். பக்கத்து மேசையில் வரைந்த பிலிப்பீன்காரர் ஒருவர் தன் அறையில் பழைய காலத்து ரோபோக்கள் ஒரு பெட்டி நிறைய வைத்திருந்தார். ஊருக்குத் திரும்பும்போது அவற்றை ஒவ்வொன்றாக விற்றார். வாங்க வந்தவர்கள் வேறு வேறு காரணங்களுக்காகத் தேர்ந்தெடுத்தார்கள். நான் தேர்ந்தெடுத்த காரணம் என் உம்மா.

எங்கள் உம்மாவின் வீட்டில் கண்ணும் மூக்கும் வைத்த உருவம் எதுவும் பார்வையில் இருக்கக்கூடாது. தொழுகிற இடத்தில் உருவம் இருந்தால் மலக்குமார் என்ற வானவர்கள் உள்ளே வரமாட்டார்கள் என்பார். மற்ற வீடுகளில் எப்படியோ, எங்கள் வீட்டில் பால்மா டின்னில் சிரிக்கும் குழந்தை சுவரைப் பார்த்துத்தான் நிற்கும். தங்கையின் பொம்மைக்கு முகத்தை மறைத்துத் துணி சுற்றியிருந்தது. இதில் எனக்கு எந்த வாதமும் இருந்ததில்லை. ஆகவே டோஹாவில் நான் எடுத்த எட்டு ரோபோக்களில் ஒன்றுக்குக்கூட முகம் இல்லை. ஒவ்வொன்றையும் விளக்கு வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றிப் பார்த்துத்தான் எடுத்தேன்.

அந்தக் காலத்து வடிவமைப்பாளர்கள் மனிதனைப் பார்த்து ரோபோ செய்யவில்லை, இயந்திரத்தைப் பார்த்துச் செய்தார்கள். உடம்பு ஒரு பெட்டி. பெட்டியின் முன்னால் சாய்வான கண்ணாடி, அதற்குப் பின்னால் ஓட்டுநர் அறை. கை இருக்க வேண்டிய இடத்தில் துப்பாக்கிக் குழாய். இடுப்பு என்று ஒன்று இல்லை. கால்கள் மட்டும் கொக்கின் கால்களைப் போலப் பின்னோக்கி மடிந்திருக்கும். ஈயம் கலந்த உலோகத்தில் வார்த்தவை. கையில் எடுத்தால் மணிக்கட்டு அந்தக் கனத்தை உணரும். வார்ப்பு அச்சின் இரண்டு பாதிகளும் சேர்ந்த கோடு எல்லாவற்றிலும் தெரிந்தது. மெல்லிய அரத்தால் அதைத் தேய்த்து எடுத்து, பூச்சுப் பூசி முடிக்க எனக்கு ஒரு முழு விடுமுறை பிடித்தது. உம்மா பார்த்துவிட்டு, "இது வெட்டு மெஷின்தானே மகன்?" என்றார். இறக்காமத்தில் எங்கள் வயலில் நெல் அறுக்க வரும் இயந்திரத்தைச் சொன்னார். நான் ஓம் என்றேன். அவர் சொன்னதில் பெரிய பிழையும் இல்லை.

அவற்றைக் கண்ணாடி அலுமாரியில் அடுக்கி, அலுமாரியை மண்டபத்தின் மேற்குச் சுவரோடு வைத்தேன். அந்தச் சுவரைப் பார்த்துத்தான் உம்மா தொழுவார். முகம் வைத்த ஒன்றை அங்கே வைக்க என் கை போயிருக்காது.

எங்கள் பகுதியில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் வீட்டை விட்டுப் போகிறான். வீடு பெண்ணுக்கு. நான் சாய்ந்தமருதில் மனைவியின் வீட்டுக்குப் போனேன். பிறந்த வீட்டைத் தங்கைக்கு எழுதிக் கொடுத்தோம். அவளுடைய கணவர், என் மச்சான், அந்த வீட்டுக்கு வந்தார். உம்மா தங்கையோடு இருந்துகொண்டார். ஒரு ஆண் தன் சாமான்களில் சிலவற்றைப் பிறந்த வீட்டில் விட்டுவிட்டுப் போவது வழக்கம். யாருடைய புத்தகங்களோ, யாருடைய பழைய சைக்கிளோ எல்லா வீட்டிலும் ஒரு மூலையில் நிற்கும். அவை யாருடையவை என்று எல்லோருக்கும் தெரியும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

மச்சான் கடற்கரைப் பக்கத்து மீன்பிடிக் குடும்பம். அவர் மட்டும் கடலுக்குப் போகாமல் கல்முனையில் பெயர்ப்பலகைக் கடை போட்டார். இந்த விளையாட்டை அவருக்குக் கற்றுக் கொடுத்தவன் நான். ஒரு வருடத்துக்குள் கடைக்கு ஒரு திரீ டீ பிரிண்டர் வாங்கி, புதிய காலத்து ரோபோக்களைத் தானே ரெசின் என்ற இலேசான பிளாஸ்டிக்கில் அச்சடிக்கத் தொடங்கினார்.

கோபம் என் கண்ணை மறைக்கவில்லை, ஆகவே உள்ளதைச் சொல்கிறேன். புதியவை அழகாக இருந்தன. நீண்ட கால்கள், ஒடுங்கிய இடுப்பு, விரல்கள் தனித்தனியாகப் பிரிந்த கை. ஒரு கால் பாறை மேல், மற்றது பின்னால் என்று ஓடும் நிலையில் நின்றன. தகடுகளுக்கு இடையே உள்ள கீறல்கள் முடியளவு மெல்லியவை. பழையவற்றில் துப்பாக்கிக் குழாய் சற்று வளைந்திருந்தால் அது வார்ப்பின் குறை. புதியவற்றில் அப்படி ஒரு குறையும் கிடையாது. கழுத்துக்கு மேல் ஒரு தலை. தலையில் தலைக்கவசம் போல ஒன்று, அதற்குள் இரண்டு கண், மூக்குத் தண்டு, கன்னம், நாடி.

"மச்சான், உங்கடது ரோபோவா, தண்ணி மோட்டரா?" என்று விளையாட வருகிறவர்கள் முன்னால் கேட்பார். சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். இன்னொரு நாள், "இத வயலுக்குக் கொண்டுபோய் வச்சா யான பயந்து ஓடும், அவ்வளவு வடிவு" என்றார். அதற்கும் சிரித்தேன்.

அலுமாரி தனக்கு வேண்டும் என்று அவர் ஒரு தடவை கேட்டார். மனைவியின் வீட்டுச் சுவரில் நான் ஒரு மரத் தட்டு அடித்துக்கொண்டிருந்தேன். அது முடிந்ததும் என்னுடையதை எடுத்துப் போகிறேன், அலுமாரி உங்களுக்குத்தான் என்றேன். சரி என்றார்.

ஹஜ்ஜுப் பெருநாளன்று உம்மாவைப் பார்க்கப் போனேன். அலுமாரியில் புதியவை நின்றன. மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டு வரை, எல்லாம் ஓடும் நிலையில்.

"என்ட சாமான் எங்க மச்சான்?"

"அது... உம்மாதான் சொன்னாங்க. உருவம் வீட்டுக்குள்ள வேணாமெண்டு. நான் என்ன செய்யிற? காக்காட தோணிக்குக் குடுத்திட்டன். வலைக்கு ஈயம் வேணுமெண்டு திரிஞ்சார். நல்ல ஈயம் மச்சான், ஒண்டும் வீணாப் போகல்ல."

சொல்லிவிட்டு பெருநாள் இனிப்பான வட்டிலப்பத்தை என் பக்கம் தள்ளினார். நான் ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டேன்.

உம்மா உள்ளே படுத்திருந்தார். அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர் உண்மையில் அப்படிச் சொல்லியிருந்தால் என் கேள்வி அவரைக் குறை சொல்வதாகிவிடும். பெருநாளும் அதுவுமாக மகன் தாயிடம் அப்படிக் கேட்கக்கூடாது. மச்சான் இதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் அவர் பெயரைச் சொல்லியிருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

அந்தக் கிழமையே கடற்கரைக்குப் போனேன். மச்சான் காக்கா என்று சொன்ன அவருடைய மூத்த சகோதரர் தோணி நிழலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். வலையின் அடிக்கயிறு நெடுக ஈயக் குண்டுகள் கோத்திருந்தன, விரல் நுனி அளவில், எல்லாம் ஒரே மாதிரி. நான் குந்தியிருந்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். எதிலும் எதுவும் தெரியவில்லை. அவர் வேலை சுத்தமான வேலை.

"என்ன தேடுறீங்க?" என்றார்.

சொன்னேன். அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

"அல்லாட ஆண, உங்கடயெண்டு எனக்குத் தெரியா. அரிசி பேக்கில கட்டிக் கொண்டு வந்தான். அலுமாரி வேணுமாம், அதில கிடந்த பழைய சாமானாம், நீங்க உருக்குங்க எண்டான். உம்மா சொன்னதெண்டு ஒரு கதையும் என்னட்ட சொல்லல்ல."

"நீங்க ஒரு தரம் பாத்திருக்கலாமே."

"பாத்தனே! சட்டியில போட முதல் எல்லாத்தையும் சுத்திச் சுத்திப் பாத்தன். கண், மூஞ்சி இரிந்தா நான் கை வச்சிரிக்க மாட்டன், பயம். ஒண்டுக்கும் தலையே இல்ல. மெஷின் சாமான்தானே எண்டு போட்டன்." பிறகு என் முகத்தைப் பார்த்து, "கோவிக்காதீங்க. வல இப்ப நல்லா நிலத்தில குந்துது" என்றார்.

அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. என் ரோபோக்களைப் பார்க்க வேண்டிய முறையில் பார்த்தவர் ஊரில் அவர் ஒருவர்தான். வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவர் சொன்னதையே நினைத்துக்கொண்டு வந்தேன். முகம் இல்லாதவை உருவம் என்று சொல்லி உருக்கப்பட்டன. முகம் உள்ளவை உம்மா தொழும் சுவரோடு நிற்கின்றன. உம்மாவின் கண்ணில் புரை வளர்ந்திருந்தது. அலுமாரியில் நிற்பவை இன்னும் என் வெட்டு மெஷின்கள்தான் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கக்கூடும்.

உடனே போய் உம்மாவிடம் சொல்லியிருந்தால் மச்சான் அன்றைக்கே அவற்றைக் கடைக்குக் கொண்டுபோயிருப்பார். அத்தோடு முடிந்திருக்கும். அப்படி முடிவதை நான் விரும்பவில்லை. என் எட்டையும் எந்த இயந்திரமும் திரும்பத் தராது. அதற்கு ஈடாக அவரிடமும் திரும்பி வராத ஒன்று போக வேண்டும் என்று நினைத்தேன். பொறுத்திருந்தேன். வெள்ளிக்கிழமைகளில் வழக்கம்போல ஜும்ஆத் தொழுகை முடிந்து தங்கை வீட்டுக்குப் போய், அவர் இரவல் தந்த புதிய ரோபோக்களைக் கொண்டே விளையாடினேன்.

வழியைத் திறந்தவரும் அவர்தான். "மச்சான், வாற வெள்ளி ஒரு விவாதம் வைப்பம். பழைய டிசைனா, புது டிசைனா? நீங்க பழசுக்குக் கதைங்க, நான் புதிசுக்கு. போனில எடுத்துக் கடையின்ட இன்டர்நெட் பக்கத்தில போடுவன்" என்றார். பேச என்னிடம் ஒன்றுமில்லை, கையில் காட்ட ஒரு பழையதும் இல்லை என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் கேட்டார்.

"ஓம்" என்றேன். "ஆனா நான் புதிசப் பத்தித்தான் கதைப்பன்."

"அப்ப தோத்திட்டீங்க!"

"ஓம், அப்படித்தான்."

அந்த வெள்ளி எங்களோடு விளையாடுகிற இருவரும் வந்திருந்தார்கள். ஒருவர் எங்கள் ஊர் மருந்துக் கடைக்காரர், மற்றவர் காரைதீவில் இருந்து வரும் கணித ஆசிரியர். சாப்பாடு முடிந்தது. உம்மா மேற்குச் சுவர்ப் பக்கம் தன் தொழுகைக் கதிரையில் தஸ்பீஹ் மணிமாலையோடு இருந்தார். தங்கை கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்தாள். மச்சான் போனைத் தாங்கியில் பொருத்தி, அலுமாரியைத் திறந்து ஒரு ரோபோவை எடுத்து என் கையில் தந்தார்.

நான் சொன்னபடி புதியதைப் பற்றித்தான் பேசினேன். பழையது பெட்டிக்குள் ஆள் இருக்கும் இயந்திரம், புதியது ஆளாகவே ஆகிவிட்ட இயந்திரம் என்றேன். பழையது குட்டை, ஆகவே குன்றுக்குப் பின்னால் மறையும். புதியது உயரம், தலை எப்போதும் வெளியில் தெரியும், சுட வசதி. ஆசிரியர் தலையாட்டினார். மூட்டுகள் பற்றி, விரல்கள் பற்றி, தகட்டுக் கீறல்கள் பற்றிச் சொன்னேன். மச்சான் முகம் மலர்ந்திருந்தது. கடைசியாக முகத்துக்கு வந்தேன்.

"புதிசில மிச்சம் திறமான வேல முகம்தான். பழசில ஒண்டுக்கும் முகமே கிடையாது. இதில பாருங்க, ரெண்டு கண். கண்ணுக்கு இமை கூட இரிக்கி. மூக்கு, கன்னம், நாடி. ஒரு மனிசன்ட முகம் அப்படியே."

மேற்குச் சுவர்ப் பக்கம் தஸ்பீஹ் மணிகளின் சத்தம் நின்றது.

"என்ன மகன் சொன்னீங்க? அதுக்குக் கண் இரிக்கா?"

"ஓம் உம்மா. ரெண்டு கண்."

"வெட்டு மெஷினுக்கு ஏது கண்?"

"இது வெட்டு மெஷின் இல்ல உம்மா. அதெல்லாம் உருக்கி வலைக்கு ஈயமாப் போட்டாச்சு. உருவம் வேணாமெண்டு நீங்கதானே சொன்ன?"

"நானா?"

மச்சான் எழுந்து போனை நிறுத்தப் போனார். தங்கை கோப்பைகளைக் கீழே வைத்தாள்.

உம்மா கையை நீட்டினார். நான் ரோபோவை அவர் கையில் கொடுத்தேன். அவர் கட்டை விரலால் அதன் முகத்தைத் தடவினார். மூக்கில் விரல் நின்றது. உடனே அதைச் சேலைத் தலைப்பால் மூடி என்னிடமே திருப்பித் தந்தார்.

"யா அல்லாஹ். இதயா நான் முன்னுக்கு வச்சித் தொழுத? தெரியாமச் செஞ்சத அவன் மன்னிப்பான். ஆனா நான் ஒரு சொல்லும் சொல்லல்ல. மகன்ட சாமானுக்கு நான் ஏன் சொல்லப் போறன்? கண் நல்லா இரிந்த காலத்தில தூசி தட்டினதே நான்தானே."

மருந்துக் கடைக்காரர் தன் பகடைகளைப் பைக்குள் போட்டார். ஆசிரியர் மெதுவாக, "இது உங்கட வீட்டுக் கத. நான் வெளியில நிக்கன்" என்றார். தங்கை அவரை இருக்கச் சொன்னாள்.

"இரிங்க சேர், நீங்களும் கேளுங்க." பிறகு கணவரிடம் திரும்பினாள். "உம்மா சொன்னதெண்டு என்னட்டயும் சொன்னீங்க. நானும் நம்பினன். உம்மாட பேரச் சொல்லிப் பொய் சொல்ல உங்களுக்கு என்னண்டு வாய் வந்த?"

"சரி, விடுங்க. எல்லாத்தையும் கடைக்குக் கொண்டுபோறன். முடிஞ்சுதா?"

அதை நான் எதிர்பார்த்திருந்தேன். "கட மேல்மாடியிலதானே பக்கத்துக் கடைக்காரரும் நீங்களும் சேர்ந்து பகல்ல லுஹர் தொழுற?" என்றேன். "அங்கயும் இது முன்னுக்கு நிக்குமே மச்சான்."

அவர் என்னைப் பார்த்தார். விவாதத்துக்கு நான் ஏன் சம்மதித்தேன் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அந்தப் பார்வையை நான் நன்றாக நின்று வாங்கிக்கொண்டேன்.

தங்கை உள்ளே போய் வெட்டுக் குறட்டோடு வந்தாள். "தலையக் கழட்டுங்க. எல்லாத்துக்கும். தல இல்லாட்டி உம்மாக்கும் பிரச்சின இல்ல, எனக்கும் இல்ல. இது என்ட வீடு. கழட்டாட்டி அலுமாரி இண்டைக்கே சாய்ந்தமருதுக்குப் போகும்."

எங்கள் பக்கத்தில் ஒரு மனைவி இந்தச் சொல்லைச் சொல்வது அபூர்வம். வீடு பெண்ணுடையது என்பது எல்லோரும் அறிந்தது, அறிந்ததாலேயே யாரும் சொல்லாதது. அவள் அதை வெளி ஆட்கள் இருவர் முன்னால் சொன்னாள். என்னுடைய எட்டுக்கும் ஈடாக நான் வாங்க நினைத்தது அந்தச் சொல்தான் என்று அதைக் கேட்டபோது எனக்குத் தெரிந்தது. தலைகளைத் திரும்ப அச்சடிக்கலாம். அந்தச் சொல்லை யாரும் திரும்ப வாங்க முடியாது.

அவர் தரையில் குந்தி ஒவ்வொன்றாக வெட்டினார். ரெசின் முறியும்போது ஒரு சின்னச் சத்தம் வரும். அவ்வளவுதான். நான் எழுந்து போகவில்லை. மேல் தட்டில் இருந்ததை அவர் எடுக்க மறந்தபோது, "அங்க ஒண்டு கிடக்கு" என்று காட்டிக் கொடுத்தேன்.

சில நாட்கள் போயின. ஒரு மாலை அவர் என் மனைவியின் வீட்டு வாசலுக்கு வந்தார். கையில் ஒரு பெட்டி. பழைய ரோபோ ஒன்றின் மாதிரியை எங்கிருந்தோ தேடி எடுத்து அச்சடித்திருந்தார். தலை இல்லை, பெட்டி உடம்பு, பின்னோக்கி மடிந்த கால். அளவு சரி. வார்ப்புக் கோடுகூட இல்லை.

"எட்டயும் செஞ்சி தாறன் மச்சான். கோபத்த விடுங்க."

கையில் வாங்கினேன். தேயிலைக் கொழுந்தின் பாரம்கூட அதில் இல்லை. திருப்பிக் கொடுத்தேன்.

"வலையில கட்டிப் பாருங்க" என்றேன். "தாழுதா எண்டு."

அவர் போய்விட்டார். வெள்ளிக்கிழமை விளையாட்டு நிற்கவில்லை. அவர் வருகிறார், நானும் வருகிறேன். மருந்துக் கடைக்காரர் தன் படையில் பாதியை எனக்கு இரவலாகத் தருகிறார். மச்சான் தலை வெட்டுப்பட்ட ரோபோக்களோடு ஆடுகிறார். வெட்டியதால் அவருக்கு ஒரு இலாபம் கிடைத்ததை ஆசிரியர்தான் முதலில் கவனித்தார். தலை போனதும் அவற்றின் உயரம் குறைந்துவிட்டது. முன்னே வெளியில் தெரிந்தவை இப்போது குன்றுக்குப் பின்னால் முழுதாக மறைகின்றன. கண்ணில் படாததைச் சுட முடியாது என்பது விதி.

நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு ரோபோவை வடிவமைத்தவன் தந்த உயரம்தான் அதன் உயரம், உடைந்து போனால் குறையாது என்றேன். ஆசிரியர் யோசித்துவிட்டு, அது நியாயம்தான் என்றார். மருந்துக் கடைக்காரரும் ஓம் என்றார். தலையின் அளவில் ஒரு அட்டைத் துண்டு வெட்டி வைத்திருக்கிறேன். சந்தேகம் வரும்போது அதை அவருடைய ரோபோவின் கழுத்தில் நிறுத்தி, குன்றுக்கு மேலே தெரிகிறதா என்று குனிந்து பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் நானே நிறுத்துகிறேன், அவரிடம் கொடுப்பதில்லை.

"இல்லாத தலைக்கும் சுடுறீங்களா மச்சான்?" என்று போன வெள்ளி கேட்டார்.

"ஓம்" என்று சொல்லிப் பகடையை உருட்டினேன்.